கையில் கொடுத்து எண்ண வையுங்கள்: தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில் குழந்தைக்குப் பணப் பழக்கம்

இன்றைய ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணில் பணம் படுவதே அபூர்வம். அம்மா கார்டை மெஷினில் தொடுகிறாள், ஒரு பீப் சத்தம், தள்ளுவண்டி நிறையச் சாமான் வீட்டுக்கு வருகிறது. ஏர்டைம் போனில் ஏறுகிறது, கரண்ட் போனில் வாங்கப்படுகிறது. "காசு இல்லை" என்று சொன்னால் "கார்டு இருக்கே!" என்கிறது குழந்தை. அது பார்த்தது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் தன் பங்கைச் செய்கிறது. கிரேடு 1க்கு முந்தைய கிரேடு ஆர் வகுப்பின் கணக்குப் பாடத்திலேயே காசும் நோட்டும் அறிமுகமாகின்றன. லைஃப் ஸ்கில்ஸ் கிரேடு 6 வரை தனிப் பாடமாக இருக்கிறது. வரவுசெலவு, வியாபாரம் எல்லாம் எக்கனாமிக் அண்ட் மேனேஜ்மென்ட் சயின்சஸ் பாடத்தில் கிரேடு 7இல்தான் வருகின்றன. அதற்குள் பழக்கம் வேரூன்றிவிடும். ஐந்திலிருந்து பத்து வயது வரை அந்தப் பொறுப்பு வீட்டுக்குத்தான். டர்பனோ லெனேசியாவோ, எந்த வீட்டிலும் செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் காசை அடையாளம் காண

ஒரு கிண்ணத்தில் 10, 20, 50 சென்ட், 1, 2, 5 ரேண்ட் காசுகளைப் போட்டு, வகைக்கு ஐந்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு சிக்கல் இங்கே உண்டு. 2023இல் புதிய காசுகள் வந்தன, பழையவையும் செல்லும். கிங் புரோட்டியா பூ முன்பு 20 சென்டில் இருந்தது, இப்போது 2 ரேண்டில் இருக்கிறது. பூவை வைத்து அடையாளம் சொல்லிக் கொடுத்தால் குழந்தை 20 சென்டை 2 ரேண்ட் என்று நீட்டும், அல்லது 2 ரேண்டைக் கொடுத்துவிட்டு ஏமாறும். அதனால் முதலில் எண்ணைப் படிக்கட்டும், படம் அப்புறம். புதியவற்றில் 10 சென்டில் தேனீ, 20இல் கற்றாழை, 50இல் நைஸ்னா டுராக்கோ பறவை, 1 ரேண்டில் ஸ்பிரிங்பாக் மான், 5 ரேண்டில் திமிங்கிலம்.

நோட்டு இன்னும் எளிது. பச்சை 10இல் காண்டாமிருகம், பழுப்பு 20இல் யானை, சிவப்பு 50இல் சிங்கம், நீலம் 100இல் காட்டெருமை, ஆரஞ்சு 200இல் சிறுத்தை. புதிய நோட்டுகளில் குட்டியோடு இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு குஷி.

அடையாளம் தெரிந்ததும் மாற்றிப் பார்க்கட்டும்: "இந்த 10 ரேண்டுக்கு எனக்குச் சில்லறை கொடு." ஐந்து 2 ரேண்டும் பத்து 1 ரேண்டும் ஒன்றுதான் என்பது ஐந்து வயதில் சட்டென்று பிடிபடாது, காசு அதிகமாக இருக்கும் குவியல்தான் பெரிது என்று தோன்றும். வாயால் விளக்கிப் பயனில்லை. இரண்டு குவியலையும் வைத்து ஒரே சாமானை இரண்டு தடவை விற்றுக் காட்டுங்கள்.

பாக்கெட் மணி: தீர்ந்தால் தீர்ந்ததுதான்

மற்ற எல்லாம் இதற்குத் துணை. ஒரு குறித்த நாள், ஒரு குறித்த தொகை, நடுவில் நிரப்புவது கிடையாது.

எவ்வளவு? குழந்தை வாராவாரம் கேட்டு நச்சரிக்கும் பொருள் எது என்று பாருங்கள். டக் ஷாப்பில் (பள்ளித் தின்பண்டக் கடையில்) ஒரு பாக்கெட் சிப்ஸ் என்றால், அதை வாங்கிவிட்டுக் கொஞ்சம் மிச்சமாகும் அளவு கொடுங்கள். இரண்டு வாங்கப் போதாத அளவாக இருக்க வேண்டும், ஏனென்றால் தேர்ந்தெடுக்கப் பழகுவது அந்த இறுக்கத்தில்தான். ஐந்து, ஆறு வயதுக்கு வாரம் 10 ரேண்டும், ஏழு, எட்டுக்கு 20ம், ஒன்பதுக்கு மேல் 30, 40ம் பல வீடுகளுக்குப் பொருந்தும். வீட்டு வருமானம் இடம்தராவிட்டால் 5 ரேண்ட் போதும். தொகையைவிட நாள் தவறாமை முக்கியம்.

நோட்டாகக் கொடுக்காதீர்கள். 10 ரேண்ட் என்றால் ஐந்து 2 ரேண்ட் காசு. நோட்டைப் பிரிக்க முடியாது, ஒன்று செலவழிக்க வேண்டும், இல்லை மடித்து வைக்க வேண்டும். காசை எடுத்து வைக்கலாம், பாதி செலவழிக்கலாம், திரும்ப எண்ணலாம்.

எதில் போட்டு வைப்பது? செலவு, சேமிப்பு, தர்மம் என்று மூன்று டப்பா வைக்கச் சொல்வார்கள். ஏழு வயதுக்கு முன் அது வேண்டாம். எது எதற்கு என்று மறந்து மூன்றையும் ஒன்றாகக் கொட்டிவிடும். ஐந்து வயதுக்கு ஒரே ஒரு கன்சால் கண்ணாடி ஜாடி. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், மூடியைத் தானே திறக்க வேண்டும். உடைத்தால்தான் காசு வரும் என்ற மண் உண்டியல் எண்ணிப் பார்க்க விடாது. வாரம் ஒரு முறை தரையில் கொட்டி எண்ணி, மூடி மேல் ஒட்டிய தாளில் பென்சிலால் தொகையை எழுதட்டும்.

இனி எது கெடும் என்று பார்ப்போம். சனிக்கிழமை கொடுத்த காசு ஞாயிற்றுக்கிழமையே காலி. புதன்கிழமை பிள்ளை கடை வாசலில் நின்று அழுகிறது. தாத்தா மனசு தாங்காமல் 5 ரேண்டை நீட்டுகிறார். பாடம் அந்த இடத்தில் முடிந்துபோகிறது. அழுதால் வரும் என்று குழந்தை கற்றுக்கொண்டது. தாத்தாவிடமும் பாட்டியிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். "கொடுக்காதீங்க" என்றால் வருத்தப்படுவார்கள். "சனிக்கிழமைக் காசை இனி நீங்களே உங்க கையால கொடுங்க தாத்தா" என்று பொறுப்பை அவரிடம் விட்டால், நடுவில் கொடுப்பது தானாக நிற்கும். அழும் குழந்தையிடம் சொற்பொழிவு வேண்டாம். "காசு தீர்ந்துபோச்சு, சனிக்கிழமை வரும்" என்று சாதாரணக் குரலில் ஒரு வாக்கியம் போதும். "அன்னைக்கே சொன்னேன் பார்" என்று சேர்த்தால், பிள்ளைக்குக் காசு மேல் இருந்த யோசனை போய் உங்கள் மேல் கோபம் வந்துவிடும்.

இன்னொரு கோளாறு, பள்ளிக்கூடம் கேட்கும் காசை இதிலிருந்து எடுப்பது. சிவ்வீஸ் டே (சீருடை இல்லாமல் போகும் நாள்), கேக் சேல், சுற்றுலா எல்லாம் வீட்டுச் செலவு. அதைப் பிள்ளையின் ஜாடியிலிருந்து எடுத்தால் "என் காசு" என்ற எண்ணமே கலைந்துவிடும்.

வேலைக்குக் கூலி கொடுக்கலாமா என்பது ஓயாத கேள்வி. தன் படுக்கையை மடிப்பது, தன் தட்டைக் கழுவுவது, தங்கச்சிக்குச் செருப்பு எடுத்துக் கொடுப்பது இவற்றுக்குக் காசு கொடுக்கவே கூடாது. கொடுத்தால், காசு வேண்டாத நாளில் "இன்னைக்கு நான் மடிக்கல" என்று சொல்லும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. வெளியாளுக்குக் கொடுத்திருப்பீர்களே, அந்த மாதிரி வேலைக்குக் கொடுங்கள்: கார் கழுவுவது, தோட்டத்துச் சருகு அள்ளுவது. தொகையை வேலைக்கு முன்பே பேசுங்கள். அரைகுறையாகச் செய்தால் திட்டாமல், முடித்த பிறகு காசு என்று நிற்கலாம்.

எட்டு வயதில் பெரிய பொருள் ஒன்றைக் கேட்டால், வீட்டிலேயே ஒரு லே-பை, அதாவது தவணை முழுக்கக் கட்டிய பிறகே பொருள் கைக்கு வரும் முறை, போடுங்கள். கடையில் நடப்பது போலத்தான். பொருளை வாங்கி அலமாரிக்கு மேல் பார்வையில் படும்படி வையுங்கள். ஒரு அட்டையில் விலை, கட்டியது, பாக்கி என மூன்று கட்டம். முழுக்கக் கட்டும் வரை பெட்டி திறக்கப்படாது. பத்து வாரத்துக்கு மேல் போகும் விலை வேண்டாம். இந்த வயதுக்கு அது எட்டாத தூரம், பாதியிலேயே ஆசை விட்டுப்போகும். விலை அதிகமென்றால் பாதி உங்கள் பங்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சந்தையில் ஒரு பொருள்

சூப்பர்மார்க்கெட்டில் பேரம் இல்லை, பேச்சில்லை. டர்பனில் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட், வார்விக் பக்கத்து அதிகாலைச் சந்தை போன்ற இடங்கள் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம். கூட்டம் நெரியும் நேரத்தைத் தவிர்த்து, ஒரே ஒரு பொருளின் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள்: ஒரு கட்டு கொத்தமல்லி. வீட்டிலேயே காசைக் கொடுத்துச் சட்டைப் பைக்குள் போடச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

போனவுடன் விலை கேட்கக் கூடாது, முதலில் வணக்கம். விற்பவர் தமிழ் அம்மா என்றால் "வணக்கம் ஆன்ட்டி". சூலு பேசுபவர் என்றால் "சாவுபோனா மா", வயதானவர் என்றால் "கோகோ". பிறகுதான் "யிமாலினி?", விலை எவ்வளவு. காசைக் கையில் கொடுத்து, மீதியை வாங்கி, அந்த இடத்தை விட்டு நகராமல் எண்ணி, "ங்கியாபோங்கா" என்று நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். குவாசுலு-நட்டாலில் வளரும் பிள்ளைக்கு இந்த நாலு சொல்லும் கூட்டல் கழித்தல் அளவுக்கு அவசியம். வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் மரியாதையில்லாத பிள்ளை என்றுதான் பெயர் வரும்.

மீதி குறைவாக வந்தால் நீங்கள் குறுக்கே பாயாதீர்கள். "இன்னொரு தரம் எண்ணிப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். கூடுதலாக வந்தாலும் அதே பேச்சு. திருப்பிக் கொடுக்கப் போகும்போது கூடவே போய் நில்லுங்கள். பிள்ளை அதை மறக்காது.

டாக்ஸி விளையாட்டு

மினிபஸ் டாக்ஸியில் கண்டக்டர் இல்லாதபோது கட்டணம் வரிசை வரிசையாகக் கைமாறி முன்னால் போகும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவர் எண்ணி மீதியைப் பின்னுக்கு அனுப்புவார். பெரியவர்களே அந்த சீட்டில் உட்காரத் தயங்குவார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்குப் பயிற்சி கிடையாது, வீட்டு நாற்காலிகளே போதும்.

முன்னால் இரண்டு நாற்காலி, பின்னால் மூன்று. கட்டணம் ஆளுக்கு 14 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் ஒருவர் 20 ரேண்ட் தருகிறார். இன்னொருவர் 50 ரேண்டை நீட்டி "ரெண்டு பேருக்கு" என்கிறார். முன் சீட்டுப் பிள்ளையின் கையில் 70 ரேண்ட். மூன்று பேருக்கு 42. மீதி 28 ரேண்ட் பின்னால் போக வேண்டும், அதில் முதலாமவருக்கு 6, மற்றவருக்கு 22. பிள்ளைகள் 28ஐச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு யாருக்கு எவ்வளவு என்பதில் தடுமாறுவார்கள். காரணம், எல்லாக் காசையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்துவிடுவது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை வாய்விட்டு ஒரு தரம் சொல்லிவிட்டு எண்ணப் பழக்குங்கள்: "இருபதிலிருந்து ஒண்ணு, ஐம்பதிலிருந்து ரெண்டு." முதல் வாரம் கட்டணத்தை 10 ரேண்ட் ஆக்கிவிட்டால் சுலபமாகத் தொடங்கலாம்.

பிரீபெய்ட் மீட்டர்

கண்ணுக்குத் தெரியாத செலவைக் காட்ட இந்த நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான கருவி சுவரில் இருக்கும் பிரீபெய்ட் மீட்டர்தான். கரண்ட் வாங்கினால் 20 இலக்க எண் வரும், பெரும்பாலும் நாலு நாலாகப் பிரித்து அச்சிட்டிருக்கும். பிள்ளை நாலு நாலாகப் படிக்கட்டும், நீங்கள் அழுத்துங்கள். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் ஒரு இலக்கம் தவறி மீட்டர் மறுத்துவிடும். ஒவ்வொரு நான்குக்கும் நிறுத்தித் திரையோடு ஒப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஏறிய யூனிட்டை ஒரு நாட்காட்டியில் எழுதி, தினம் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு என்று வைத்துக்கொண்டு, மீட்டரைப் படித்து எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் "ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு குறைஞ்சது?" என்று பிள்ளையே கேட்கும்.

"லைட்டை அணை, லைட்டை அணை" என்று நாள் முழுக்கக் கத்துகிறோம். கணக்கைப் பாருங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ஒரு மாதம் இரவும் பகலும் அணையாமல் எரிந்தால் ஆறரை யூனிட் ஆகும். 150 லிட்டர் கீசர் 20 டிகிரித் தண்ணீரை ஒரே ஒரு தடவை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 7 யூனிட் எடுக்கும். பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் வெந்நீர். ஷவரில் ஐந்து நிமிடத்துக்கு டைமர் வைத்து ஒரு வாரம், டைமர் இல்லாமல் ஒரு வாரம், இரண்டு வாரத்து யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். மிச்சமான யூனிட்டின் விலையை, உங்கள் முனிசிபாலிட்டி கணக்குப்படி, காசாகவே ஜாடியில் போடுங்கள். காசைக் கண்ணால் பார்த்தால் தவிர நம்ப மாட்டார்கள், அது நியாயமும்கூட. விளக்கை அணைக்கும் பழக்கம் நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் எது பெரிது, எது சிறிது என்ற அளவு பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

டில் ஸ்லிப்பைப் படிக்க (எட்டு வயதுக்கு மேல்)

கடையில் தரும் ரசீது ஸ்லிப்பைக் கசக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையிடம் இரண்டு நிற பென்சில் கொடுத்து, வாட் வரி உள்ளவற்றுக்கு ஒரு நிறம், இல்லாதவற்றுக்கு ஒரு நிறம் அடிக்கச் சொல்லுங்கள். வரி 2018 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். 115 ரேண்ட் கொடுத்தால் அதில் 15 அரசுக்குப் போகிறது. அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், பால், முட்டை, காய்கறி, பழம், மீலி (மக்காச்சோள) மாவு இவற்றுக்கு வரி இல்லை. பிரவுன் பிரெட்டுக்கு இல்லை, வெள்ளை பிரெட்டுக்கு உண்டு. மசாலாவுக்கு உண்டு, சிப்ஸுக்கும் கூல்ட்ரிங்குக்கும் உண்டு. நம் அடுப்படியில் அன்றாடம் வேகும் சாமான் பெரும்பாலும் வரி இல்லாத பக்கம் விழுவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். புரட்டாசி விரதம் இருக்கும் வீடென்றால், கறி மீன் வாங்காத ஒரு வாரத்து ஸ்லிப்பையும் வழக்கமான வாரத்து ஸ்லிப்பையும் கூட்டிப் பார்க்கக் கொடுங்கள்.

19.99 விலையையும் அப்போதே விளக்கிவிடலாம். ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசு 2002இலும் ஐந்து சென்ட் 2012இலும் அச்சடிப்பது நின்றுவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கடைகள் மொத்தத் தொகையைக் கீழே உள்ள 10 சென்டுக்கு இறக்குகின்றன. 19.99 பொருள் மூன்று வாங்கினால் 59.97, ரொக்கம் 59.90, கார்டு என்றால் 59.97. "இருபதுக்கு உள்ளே" என்று சொல்லும் பிள்ளையிடம், ஒன்று மட்டும் ரொக்கமாக வாங்கினால் 20 ரேண்டிலிருந்து எவ்வளவு மீதி வரும் என்று கேளுங்கள். பத்து சென்ட்!

தீபாவளிக் காசு, தர்மம், சீட்டு

தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மாமா, அத்தை, ஆன்ட்டி எல்லோரும் 50, 100 என்று கையில் வைப்பார்கள். "அம்மாகிட்ட கொடு, பத்திரமா வெச்சிருக்கேன்" என்று வாங்கி, மளிகைக்குச் செலவழித்துவிட்டு மறந்துபோவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. பிள்ளைக்குப் பணத்தின் மேல் நம்பிக்கை போக இதைவிட வேறு வேண்டாம். வாங்கினால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார், எவ்வளவு என்று பிள்ளை முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டு நெருக்கடியில் எடுக்க வேண்டி வந்தால், கடனாகக் கேட்டு எடுங்கள், சொன்ன தேதியில் திருப்பிக் கொடுங்கள்.

தர்மம் என்றால் கோயில் உண்டியலில் காசு போட வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளுக்கு அல்லது காவடி அன்னதானத்துக்கு, தன் காசில் ஒரு பாக்கெட் பருப்பு வாங்கித் தானே சமையல்கூடத்தில் கொடுக்கட்டும். கார் நிறுத்துமிடத்தில் கார் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் காசையும் பிள்ளை கையால், கண்ணைப் பார்த்து, நன்றி சொல்லிக் கொடுக்க வையுங்கள்.

ஒன்பது, பத்து வயதில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு சீட்டு, அதாவது ஸ்டாக்வெல், நடத்தலாம். வாரம் ஆளுக்கு 10 ரேண்ட், குலுக்கலில் வந்தவருக்கு 50, ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். முதல் வாரம் வாங்கியவர் மூன்றாவது வாரம் "என்கிட்ட காசு இல்லை" என்பார், இது நடந்தே தீரும். பெரியவர்கள் அந்தப் பத்து ரேண்டைப் போட்டு மூடி மறைக்காதீர்கள். அந்த வாரச் சீட்டு நிற்கட்டும். என்ன செய்வது என்று ஐந்து பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும்.

தொலைந்தால், ஆபத்து வந்தால்

காசோடு கடைக்குப் போகும் பிள்ளைக்கு அம்மா அல்லது அப்பாவின் பத்து இலக்க நம்பர் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பாட்டு மெட்டில் சொல்லிக் கொடுத்தால் ஒட்டும். தெருப் பெயர், வீட்டு எண், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளியையும் சொல்லத் தெரிய வேண்டும். போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112, குழந்தைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116. பூட்டிய போனில் அவசர அழைப்புப் பொத்தான் எங்கே என்று உங்கள் போனிலேயே காட்டுங்கள். யாராவது காசைப் பிடுங்க வந்தால் கொடுத்துவிட்டு ஓடி வா, உன்னைத் திட்ட மாட்டோம் என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு எப்போது?

ஜாடியில் சில நூறு ரேண்ட் சேர்ந்து, பிள்ளைக்குக் கழித்தல் கணக்கு நன்றாக வந்த பிறகு. சின்ன வயதில் பெற்றோர்தான் திறக்க வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள். மாதக் கட்டணம் இல்லாத கணக்கா, ரொக்கம் போட எவ்வளவு பிடிப்பார்கள் என்று இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாதம் 40 ரேண்ட் சேமிக்கும் பிள்ளையின் கணக்கில் கட்டணமே அதை விழுங்கிவிடும். காசை வகை வகையாகப் பிரித்துப் பையில் கட்டிப் பிள்ளையே கவுன்டரில் கொடுக்கட்டும். வரி இல்லாச் சேமிப்புக் கணக்கைப் பிள்ளை பெயரில் திறப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒருவர் வாழ்நாள் முழுக்கப் போடக்கூடிய வரம்பு 500,000 ரேண்ட். இப்போது நீங்கள் போடுவது பிள்ளையின் வரம்பிலிருந்துதான் கழியும், நடுவில் எடுத்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. 16 வயது ஆனதும் பெற்றோர் துணை இல்லாமலே பிள்ளை தன் பெயரில் வங்கியில் பணம் போட்டு வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை மாதாமாதம் ஸ்டேட்மென்டை அச்செடுத்து, ஜாடி மூடியில் எழுதிய தொகைகளோடு வரி வரியாகச் சரிபார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.